போரின்றிப் பிரிந்த இரு நாடுகள்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. பழமொழி கூறுவது மெய்யே. ஆயினும் வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோர், கூடிய அரசுகள் பல பின்னாளில் பிரிந்து போனதையும் காண்பர். அப்பிரிவுகளிற் பெரும்பாலானவை குருதியால் எழுதப்பட்டவை. ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை என்றாலே வழக்கும் மனத்தாங்கலும் வந்து சேருகின்றன. அங்ஙனமாயின் நாடுகளின் பாகப்பிரிவினையில் பீரங்கி வந்து நிற்பதில் வியப்பென்ன?

2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதென வாக்களித்தனர். அச்செய்தி வந்த நாளிலிருந்து, ஒரு நாடு வாக்குச்சீட்டின் வழியே ஒரு கூட்டைவிட்டு வெளியேறுவது புதுமையினும் புதுமை என்பதுபோற் பலர் பேசினர். அது புதுமையன்று. அதற்கு 111 ஆண்டுகளுக்கு முன்னர், 1905-ஆம் ஆண்டில், நார்வே மக்கள் ஸ்வீடனோடு தமக்கிருந்த அரசியல் இணைப்பை அறுத்துக்கொள்வதற்கு இசைந்து வாக்களித்தனர். இரு நாட்டுப் படைகளும் எல்லையில் நின்றன. ஆயினும் போர் மூளவில்லை. அவ்வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

எத்தனை பேர் வேண்டும் என்றனர், எத்தனை பேர் வேண்டாம் என்றனர் என்ற கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். நாம் ஆராயப் புகுவது வேறு. அம்முடிவை வாக்களித்தவர் எங்ஙனம் கொண்டனர்? வாக்குரிமை மறுக்கப்பட்டவர் யாது செய்தனர்? பிரிவைத் தம் இழப்பாகக் கருதிய அண்டை நாட்டார் எவ்வாறு நடந்துகொண்டனர்? எல்லையின் இருமருங்கும் வாழ்ந்தவர் கதி என்னாயிற்று? பிறந்த மண்ணைவிட்டு வேற்று மாநிலத்தில் வாழ்க்கை நடத்தும் நம்மனோர்க்கு இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. எல்லைக்கோடு எங்கே இழுக்கப்பட்டாலும், கோட்டுக்கு அப்புறம் இருப்பவன் என்ன ஆவான் என்றுதான் நாம் முதலில் கேட்போம்.

இணைந்த வரலாறு

நார்வே ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலம் டென்மார்க் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களில் டென்மார்க் தோற்ற பக்கத்தில் நின்றது. அதன் பயனாக 1814 ஜனவரி 14 அன்று கீல் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி நார்வே ஸ்வீடன் அரசருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு நாட்டு மக்களைக் கேளாமலே அந்நாட்டைக் கைமாற்றுவது அக்கால வழக்கம். நார்வேயர் இதற்கு இசையவில்லை. ஐட்ஸ்வோல் என்னும் ஊரில் கூடித் தமக்கென ஓர் அரசியலமைப்பை வகுத்து, மே 17-ஆம் நாள் அதனை நிறைவேற்றினர். அந்நாளே இன்றும் அவர்களது தேசியத் திருநாள். அவ்வாண்டுக் கோடையில் ஸ்வீடனோடு ஒரு சிறு போர் நடந்தது. ஆகஸ்ட் 14 அன்று மாஸ் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. நவம்பரில் இரு நாடுகளும் ஓர் அரசரின்கீழ் இணைந்தன.

இவ்விணைப்பு அடிமைத்தனம் அன்று. நார்வேக்குத் தனி நாடாளுமன்றம் இருந்தது. தனி அமைச்சரவையும், தனிச் சட்டமும், தனிப் படையும் இருந்தன. அரசர் ஒருவர், வெளிநாட்டு உறவும் ஒன்று. அவ்வெளிநாட்டு உறவைக் கவனித்தவர் ஸ்வீடனின் வெளிநாட்டு அமைச்சர். பிணக்கு முளைத்த இடம் அதுவே.

நார்வே மீனவரும் மாலுமிகளும் நிறைந்த நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் வணிகக் கப்பற்கூட்டம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கிற்று. அயல்நாட்டுத் துறைமுகங்களிலே தம் கப்பலுக்கும் மாலுமிக்கும் துணைநிற்கும் தூதரக அலுவலர் தம் நாட்டாராகவே இருத்தல் வேண்டும் என நார்வேயர் விரும்பினர். ஸ்வீடன் இதனை ஏற்கவில்லை. கொடியைப் பற்றியும் பூசல் இருந்தது. 1844 முதல் இரு நாட்டுக் கொடிகளின் மூலையிலும் இணைப்பின் சின்னம் ஒன்று பொறிக்கப்பட்டது. பல வண்ணங்கள் கலந்த அச்சின்னத்துக்கு ‘மீன் கலவை’ என்று பொருள்படும் கேலிப் பெயர் ஒன்றும் வழங்கியது. நூற்றாண்டு முடியுமுன்னரே நார்வேயர் தம் வணிகக் கொடியிலிருந்து அதனை அகற்றினர்.

1895-இல் இப்பூசல் முற்றியபொழுது ஸ்வீடன் படைபலத்தைக் காட்டியது, நார்வே பின்வாங்கியது. அந்த அவமானத்தை நார்வேயர் மறக்கவில்லை. பத்தாண்டுகளில் போர்க்கப்பல் வாங்கினர். எல்லையோரம் கோட்டைகள் கட்டினர். பின்னர் வந்த பேச்சில் இக்கோட்டைகளே பெருந்தடையாக நின்றன.

1905-ஆம் ஆண்டின் கோடை

1905 மார்ச் மாதம் கிறிஸ்டியன் மிக்கெல்சன் நார்வேயின் பிரதம அமைச்சரானார். இவர் பெர்கன் நகரத்து வழக்கறிஞர். கப்பல் உரிமையாளரும் ஆவார். தனித் தூதரகப் பணிக்கான சட்டத்தை நார்வே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மே 27 அன்று அரசர் இரண்டாம் ஆஸ்கார் அதற்கு ஒப்பமிட மறுத்தார். நார்வே அமைச்சர்கள் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். வேறோர் அமைச்சரவை அமைக்க இயலாத நிலையில், அரசர் அக்கடிதத்தையும் ஏற்கவில்லை.

ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் ஒருமனதாக ஓர் அறிவிப்பை நிறைவேற்றியது. அமைச்சரவை அமைக்க அரசரால் இயலவில்லை. ஆகவே அவரது அரசதிகாரம் செயலற்றுப் போயிற்று. அதன் விளைவாக ஓர் அரசரின்கீழ் இருந்த இணைப்பும் கலைந்தது. இதுவே அதன் சாரம். நூறாண்டுக்குச் சற்றுக் குறைந்த ஓர் உறவு, நீண்ட வாக்கியம் ஒன்றின் இடையிலே ஒரு சிறு தொடராக முடித்துவைக்கப்பட்டது. பகை இல்லை என்பதைக் காட்டுவதற்காக, ஆஸ்காரின் குடும்பத்து இளவரசர் ஒருவரையே தம் அரியணைக்கு அனுப்புமாறும் அவர்கள் வேண்டினர்.

ஸ்வீடனிலோ சினம் மூண்டது. முதிய அரசர் நெஞ்சு நொந்தார். இரு உடன்பிறப்பு மக்களின் நலம் என்பதே அவர் பட்டமேற்ற நாள்முதல் கொண்டிருந்த குறிக்கோள் வாசகம். நம்மைக் கலந்துகொள்ளாமலே நம்மோடிருந்த ஒப்பந்தத்தைக் கிழிப்பதா என்று ஸ்வீடன் மக்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. இணைப்பு இருவர் செய்துகொண்டது. ஒருவர் மட்டும் அதனை எங்ஙனம் கலைக்க இயலும்? படை அனுப்பி அடக்குக என்று முழங்கியோரும் இருந்தனர்.

ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. அவர்கள் கண்ட வழி இது: பிரிவு நார்வே மக்களின் விருப்பம்தானா என்பதை, புதிய தேர்தல் வாயிலாகவோ பொதுவாக்கெடுப்பின் வாயிலாகவோ மெய்ப்பிக்க வேண்டும், அதன் பின்னரே பேச்சு. இக்கோரிக்கை வரவிருப்பதை அறிந்துகொண்ட மிக்கெல்சன், ஸ்வீடன் கேட்டது என்ற பெயர் வராதபடி, தாமே முந்திக்கொண்டு ஜூலை இறுதியில் பொதுவாக்கெடுப்பை அறிவித்தார். கேள்வியின் அமைப்பிலும் அவரது நுண்ணறிவு புலனாகும். பிரியலாமா என்று கேட்கப்படவில்லை. நிகழ்ந்துவிட்ட பிரிவுக்கு இசைகின்றீரா என்றே கேட்கப்பட்டது.

வாக்குப் பெட்டி சொன்னது

ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. வாக்குரிமை பெற்றிருந்தவர் 25 வயது நிரம்பிய ஆடவர் மட்டுமே. அவர்கள் தொகை ஏறத்தாழ 4,35,000. நூற்றுக்கு எண்பத்தைவர் வாக்களித்தனர். இசைந்தவர் 3,68,208. மறுத்தவர் 184. செல்லாத சீட்டுகள் 3,519.

இப்படியோர் எண்ணிக்கையைக் கண்டால் ஐயம் கொள்வது அறிவுடையோர் இயல்பு. சர்வாதிகாரிகள் நடத்தும் தேர்தல்களில் இத்தகைய எண்கள் வருவதை உலகம் கண்டிருக்கிறது. ஆனால் ஈண்டு வற்புறுத்தல் நிகழ்ந்ததாக வரலாற்றறிஞர் கூறுவதில்லை. இணைப்பு முறிந்து இரண்டு மாதம் கழிந்தபின் நடந்த வாக்கெடுப்பு இது. அண்டை நாட்டுப் படையெடுப்பு வருமோ என்ற அச்சம் நிலவிய வேளை வேறு. அந்நிலையில் வேண்டாம் என்று சீட்டளிப்பது, வீடு தாக்கப்படும் நேரத்தில் வாசற்கதவைத் திறந்துவிடுவது போலப் பலருக்குத் தோன்றியிருக்கும். ஆகவே அந்த எண் பிரிவின்மீது இருந்த விருப்பத்தையும் காட்டுகிறது. நெருக்கடி நேரத்து ஒற்றுமையையும் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

அந்த 184 பேர் யாவர்? இரகசிய வாக்கு ஆதலின் பெயர் வெளிப்படவில்லை. இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், தம்மைச் சுற்றி இருந்தோர் அனைவரும் ஒரு பக்கம் சாய்ந்தபொழுது, தம் மனச்சான்றுக்கு ஒத்ததைச் செய்து வீடு திரும்பிய மனிதர்கள் அவர்கள். அவர்களைத் துரோகிகள் என்று தேடிப் பிடிக்கும் வேட்டை நடைபெறவில்லை. அவர்களது வாக்கும் முறையே எண்ணப்பட்டு, முறையே வெளியிடப்பட்டது. வென்றவரின் பெருமையில் இதுவும் ஒரு பங்கு.

மறுக்கப்பட்டவர் எழுதிய கையொப்பம்

நாட்டு மக்களிற் பாதிப்பேர் பெண்கள். நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அந்நாளில் அவர்களுக்கு வாக்கில்லை. தாங்களும் பங்குகொள்ள வேண்டுமெனப் பெண்ணுரிமைச் சங்கத்தார் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அவர்கள் வாளாவிருக்கவில்லை, வசைபாடியும் பொழுது போக்கவில்லை. பிரெட்ரிக்கே மரீ குவாம் என்னும் அம்மையாரின் தலைமையில் தாமே ஒரு கையொப்ப இயக்கம் தொடங்கினர். பனிமலையும் கடற்கழிகளும் ஊரை ஊரினின்று பிரிக்கும் நாடு அது. ஆயினும் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் 2,44,765 பெண்கள் பிரிவுக்கு இசைந்து கையொப்பமிட்டனர். ஆகஸ்ட் 22 அன்று அவ்வேடுகள் நாடாளுமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டன. சட்டப்படி அவற்றுக்கு எடை இல்லை. ஆயினும் கண்ணுள்ளோர் அதனைக் கண்டனர். 1907-இல் வரி செலுத்தும் அளவுக்கு வருவாயுடைய பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது. 1913-இல் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. மறுக்கப்பட்ட வாக்கைக் கையொப்பமாக மாற்றிக் கொடுத்த அச்செயல் அவ்வுரிமைப் போராட்டத்துக்கு வலுச்சேர்த்தது என்பதில் ஐயமில்லை.

கடல்கடந்து சென்றோரும் வாளாவிருக்கவில்லை. பல இலட்சம் நார்வேயர் அமெரிக்காவிற் குடியேறி உழவும் தொழிலும் செய்து வந்தனர். பிறந்த நாட்டு வாக்கெடுப்பில் அவர்களுக்கு இடமில்லை. புதிய நார்வேயை அங்கீகரிக்குமாறு அவர்கள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட்டுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். ஸ்வீடன் முதலில் இசையட்டும் என்று வல்லரசுகள் காத்திருந்தமையால் அவ்விண்ணப்பம் உடனே பயன் தரவில்லை. எனினும், ஊரைவிட்டு வந்தவன் ஊரை மறப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

தோற்றவர் காட்டிய பெருந்தன்மை

நார்வேயரின் ஒற்றுமையைப் புகழ்வோர் பலர். அமைதியின் மற்றொரு பாதியைக் கட்டிக் காத்தவர் ஸ்வீடன் மக்கள் என்பதை நினைப்போர் சிலரே.

ஸ்வீடனில் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவராயிருந்தவர் யால்மார் பிரான்டிங். நார்வேமீது கைவைக்க வேண்டாமென அரசருக்கே அறைகூவல் விடுத்து அவர் தம் இதழில் எழுதினார். ஆயுதங்களைக் கீழே போடுக என்னும் கருத்தோடு இளம் சமதர்மியர் துண்டறிக்கை வெளியிட்டனர். அதற்காகச் செத் ஹோக்லுண்ட் என்ற இளைஞர் ஆறு மாதம் சிறை சென்றார். அப்பொழுது அவருக்கு இருபத்திரண்டு வயது. படைக்கு அழைத்தால் போகோம் என்று தொழிலாளர் கூட்டங்களில் பேசப்பட்டது. நார்வே உழைப்பாளிமீது சுட ஸ்வீடன் உழைப்பாளிக்கு என்ன வழக்கு உள்ளது என்பதே அவர்கள் வினா.

அரண்மனையிலும் அறிவு விழித்திருந்தது. பட்டத்து இளவரசர் குஸ்தாவ், விருப்பமில்லாத ஒரு நாட்டை வலிந்து கட்டிவைத்தலால் ஸ்வீடனுக்கு நன்மையில்லை எனக் கண்டு, அமைதியாகப் பிரிவதே நன்று என்றார். ஆக, இருவேறு துருவங்களில் நின்ற இளவரசரும் தொழிலாளர் தலைவரும் இவ்வொரு செய்தியில் ஒரே முடிவுக்கு வந்தனர்.

ஆகஸ்ட் 31 அன்று ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பேச்சு தொடங்கியது. பக்கத்துக்கு நால்வர். மிக்கெல்சன் நார்வேத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். எல்லைக் கோட்டைகளை இடிக்க வேண்டும் என்றது ஸ்வீடன். முடியாது என்றது நார்வே. செப்டம்பர் 7 அன்று பேச்சு நின்றது. எல்லையில் படைகள் குவிந்தன. ஒரு வாரம் ஐரோப்பா மூச்சடக்கிப் பார்த்திருந்தது. 13-ஆம் நாள் பேச்சு மீண்டும் தொடங்கி, 23-ஆம் நாள் உடன்பாட்டில் முடிந்தது. புதிய கோட்டைகள் இடிக்கப்படும். பழம்பெருங் கோட்டைகள் நினைவுச் சின்னமாக நிற்கலாம். எல்லையின் இருபுறமும் படையில்லாத நிலப்பகுதி இருக்கும். இனி எழும் வழக்குகள் ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்குச் செல்லும். இவையே முதன்மையான விதிகள்.

இரு நாட்டிலும் முணுமுணுப்பு எழுந்தது. நம் பணத்தில் கட்டிய கோட்டையை நாமே இடிப்பதா என்று நார்வேயில் பலர் கொதித்தனர். ஆயினும் அக்டோபர் 9 அன்று நார்வே நாடாளுமன்றம் 101 வாக்குக்கு 16 என்ற கணக்கில் உடன்பாட்டை ஏற்றது. அக்டோபர் 26 அன்று ஸ்வீடன் நார்வேயின் தனியுரிமையை முறைப்படி ஒப்புக்கொண்டது. ஆஸ்கார் நார்வே அரியணையைத் துறந்தார். நவம்பர் முதல் நாள் ஸ்வீடன் கொடியிலிருந்தும் இணைப்புச் சின்னம் நீங்கிற்று. அரசரின் குறிக்கோள் வாசகமும் ஸ்வீடனின் நலம் என்று மாறியது.

தம் குடும்பத்து இளவரசரை அனுப்ப ஆஸ்கார் இசையவில்லை. நார்வேயர் டென்மார்க் இளவரசர் காரலை அழைத்தனர். மக்கள் என்னை விரும்புகின்றார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர். நவம்பர் 12, 13 நாட்களில் மறுபடி வாக்கெடுப்பு. வேண்டும் என்றவர் 2,59,563. வேண்டாம் என்றவர் 69,264. மூன்று மாதத்துக்கு முன் 184 பேரே மறுத்த அந்நாட்டில், இப்பொழுது ஐவரில் ஒருவர் மறுத்தனர். நெருக்கடி நீங்கியதும் கருத்து வேற்றுமை தலைநிமிர்ந்து நின்றது. முன்னர் கண்ட ஒற்றுமை பொய்யன்று என்பதற்கும், வாயடைக்கப்பட்ட ஒற்றுமையன்று என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டா. காரல் ஏழாம் ஹாக்கன் என்னும் பெயருடன் அரசரானார்.

எல்லையைக் கடந்த இருப்புப்பாதை

இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்கு, இவ்வரலாற்றில் மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. ஸ்வீடனின் வடகோடியில் கிரூனா என்னும் இடத்தில் இரும்புக் கனிமம் மலைமலையாக உள்ளது. அதனைக் கப்பலேற்றும் ஸ்வீடன் துறைமுகமான லூலியோ குளிர்காலத்தில் உறைந்துவிடும். நார்வேயின் நார்விக் துறைமுகமோ ஆண்டு முழுதும் உறையாதது. ஆகவே கிரூனாவிலிருந்து எல்லையைக் கடந்து நார்விக் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. 1903 ஜூலையில் அதனைத் திறந்து வைத்தவர் இரு நாட்டு அரசராயிருந்த இரண்டாம் ஆஸ்கார். இரண்டே ஆண்டுகளில் அப்பாதை இரு தனி நாடுகளுக்குரியதாயிற்று.

ஒரு மண்டல இரயில்வேயின் வேகன்கள் மற்றொரு மண்டலத்துக்குக் கைமாறும் சந்திப்புகளில் கணக்கு எழுதிப் பழகியோர்க்கு இதன் சிக்கல் விளங்கும். ஒரே அரசாங்கத்தின் இரு மண்டலங்களுக்கிடையிலேயே வேகன் கணக்கில் எத்துணைக் கடிதப் போக்குவரத்து! இரண்டு நாடுகள் சினங்கொண்டு பிரியும் வேளையில் அக்கனிம வண்டிகள் எங்ஙனம் ஓடும்? கார்ல்ஸ்டாட்டில் கூடியவர்கள் இதனை மறக்கவில்லை. ஒருவர் நாட்டின் வழியே மற்றவர் சரக்கு செல்வதைத் தடை செய்யலாகாது என்று தனியே ஓர் உடன்பாடு எழுதினர். எல்லையைக் கடந்து ஓடும் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் மற்றோர் உடன்பாடு. கோட்டைகளைப் பற்றிய பேச்சு செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. சரக்கு வண்டியைப் பற்றிய பேச்சு வரவில்லை. ஆயினும் உழைப்பவன் வீட்டில் அடுப்பெரிந்தது பின்னதினால்தான். அக்கனிம வண்டிகள் இன்றும் அப்பாதையில் ஓடுகின்றன.

கணக்கில் வராத மக்கள்

இவ்வளவும் நற்செய்தி. ஆயினும் வரலாறு எழுதுவோர் ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது.

அந்த வடகோடியில் ஸாமி என்னும் பழங்குடியினர் கலைமான் மந்தைகளோடு வாழ்கின்றனர். குளிர்காலத்தில் ஸ்வீடன் பக்கத்துக் காடுகளிலும், கோடையில் நார்வேக் கடற்கரையிலும் மேய்ப்பது அவருள் பலரின் மரபு. 1751-இல் எல்லை வகுக்கப்பட்டபொழுதே, அவர்கள் தடையின்றி எல்லையைக் கடக்கலாம் என்று உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. கார்ல்ஸ்டாட்டிலும் மேய்ச்சலைப் பற்றி உடன்பாடு ஒன்று செய்யப்பட்டது. ஆனால் தனி நாடான நார்வே, தன் உழவரின் நிலத்தைக் காக்க விரும்பி, அம்மேய்ச்சலைக் குறைக்க முற்பட்டது. 1919-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையால், கோடை மேய்ச்சல் நிலத்தை இழந்த பல ஸாமிக் குடும்பங்கள் வடக்கிலிருந்து தெற்கே பெயர்க்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தங்கிய இடத்தைவிட்டு, மந்தையோடும் மக்களோடும் அவர்கள் போயினர்.

அரசர்களுக்கு உடன்பாடு கிடைத்தது. வணிகருக்குப் பாதை கிடைத்தது. எல்லை என்பதையே அறியாது வாழ்ந்தவர் தலையில் எல்லை வீழ்ந்தது. 1905-இன் அமைதியைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிரிட்டன் வாக்கெடுப்போடு ஒப்புநோக்கல்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட 2016-ஆம் ஆண்டுக்கு வருவோம். விலக வேண்டும் என்றவர் 1,74,10,742. இருக்க வேண்டும் என்றவர் 1,61,41,241. நூற்றுக்கு 51.9-க்கு 48.1. ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேர் இருப்பதையே விரும்பினர்; வட அயர்லாந்திலும் பெரும்பான்மையோர் அவ்வாறே. முடிவு வெளிவந்த காலையிலேயே பிரதமர் டேவிட் காமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். மறு வாக்கெடுப்பு வேண்டி 41 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். இலண்டன் வீதிகளில் ஊர்வலங்கள் நடந்தன. ஒரே வீட்டில் தந்தை ஒரு பக்கம், மகன் மறு பக்கம் என்ற நிலையும் ஏற்பட்டது. பிரிட்டன் முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31 அன்றுதான்.

நார்வேயில் நாடு ஒன்றுபட்டு நின்று, அண்டை நாட்டோடு முரண்பட்டது. பிரிட்டனில் நாடே தன்னுள் இரண்டாகிப் போயிற்று. எனவே முன்னதில் தோற்றவர் எல்லைக்கு அப்பால் இருந்தனர். பின்னதில் அடுத்த வீட்டிலேயே இருந்தனர். நார்வேயில் பெண்கள் வாக்கின்றி நின்றது போல, பிரிட்டனில் பல்லாண்டு உழைத்து வாழ்ந்த ஐரோப்பிய நாட்டார் பெரும்பாலோர்க்கு அவ்வாக்கெடுப்பில் இடமில்லை. ஆனால் காமன்வெல்த் நாட்டார் என்ற முறையில், அங்குக் குடியிருந்த இந்தியக் குடிமக்களுக்கு வாக்கு இருந்தது. யாருடைய வாழ்வு மாறப்போகிறதோ அவருக்கு வாக்கில்லை. பட்டியலில் பெயர் உள்ளவருக்கே வாக்கு. எந்தப் பொதுவாக்கெடுப்பிலும் இக்கோணல் ஓரளவு இருந்தே தீரும். ஆகவேதான் வென்றவரின் கடமை வாக்கு எண்ணிய அன்றோடு முடிவதில்லை.

பிரிந்தபின் நெருங்கியவர்

பிரிவுக்குப் பின் நார்வேயும் ஸ்வீடனும் பகைவராகவில்லை. 1914 ஆகஸ்டில், இரு நாட்டு அமைதிச் சங்கத்தாரும் சேர்ந்து எல்லைக்கோட்டின்மேலேயே ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். ஐரோப்பா முழுதும் முதல் உலகப் போரில் இறங்கிய அதே மாதம் அது. 1921-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசை, நார்வேமீது கைவைக்க வேண்டாம் என்ற பிரான்டிங்கும், கிறிஸ்டியன் லாங்கே என்னும் நார்வேயரும் பகிர்ந்து பெற்றனர். ஐக்கிய நாடுகள் சபையின் முதற் பொதுச்செயலாளர் நார்வேயரான டிரிக்வே லீ. அவருக்குப்பின் அப்பதவியில் அமர்ந்தவர் ஸ்வீடன் நாட்டவரான டாக் ஹாமர்ஷெல்ட். ஹாமர்ஷெல்டின் தந்தை கார்ல்ஸ்டாட்டில் ஸ்வீடனுக்காகப் பேசிய நால்வருள் ஒருவர். மைந்தர் பிறந்தது அந்த 1905 ஜூலையிலேயே. 1954 முதல் வடநாட்டார் ஒருவர் நாட்டில் மற்றவர் உரிமையோடு வேலை செய்யலாம் என்றாயிற்று. படையில்லாத அந்நிலப்பகுதி பற்றிய விதியை 1993-இல் இரு நாடுகளும் கூடி நீக்கின. அதற்குத் தேவையே இல்லாமற் போயிற்று. ஓர் அரசரின்கீழ் கட்டிவைத்தபோது இல்லாத நட்பு, பிரிந்தபின் தானே வளர்ந்தது.

பிரிவு நல்லது என்றோ, இணைப்பு தீயது என்றோ இதனால் நாம் சொல்லப் புகவில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் அதனதன் வரலாறு உண்டு. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு அளவுகோலாக்குதல் தவறு. நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றே. வாக்குப் பெட்டி ஒரு நாட்டின் விருப்பத்தைச் சொல்லும். அவ்விருப்பம் அறமாவது அதன்பின் மனிதர் நடந்துகொள்ளும் முறையினால். 184 பேரையும் எண்ணிச் சொன்னது அறம். வாக்கில்லாத பெண்கள் கையொப்பமிட்டது அறம். தோற்ற நாட்டுத் தொழிலாளி துப்பாக்கி தூக்க மறுத்தது அறம். எல்லையில் மேய்த்தவனை மறந்தது அறம் அன்று.

பல மொழியினரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இந்நகரில், தமிழ்ச் சங்கம் அமைத்து ஆண்டு விழாக் கொண்டாடும் நாம், பெரும்பான்மை எங்கே என்று எண்ணும் பழக்கத்தோடு, எண்ணிக்கையில் வராதவர் யார் என்று கேட்கும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்வோமாக.